கல்லூரி அணியிலிருந்து ஐரோப்பாவின் உச்சிக்கு: கைல் ஹைன்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வெளுத்துக் கட்டிய ஒருவர், அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வாசல் திறக்காததால் வெளிநாட்டுக்குப் போய் ஆடுகிறார் என்றால் ‘பாவம், வாய்ப்புக் கிடைக்கவில்லை’ என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றும். அந்த நினைப்பு எவ்வளவு தவறானது என்பதற்கு கைல் ஹைன்ஸ் நல்ல சாட்சி. அவரைப் பற்றியும் வெளிநாட்டுக் கூடைப்பந்து வாழ்க்கையைப் பற்றியும் நண்பர்களும் விளையாட்டுப் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கைல் ஹைன்ஸ் யார்?

1986இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கேம்டன் நகரில் பிறந்தவர். 2004 முதல் 2008 வரை வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாக அணிக்கு ஆடினார். என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் ஐரோப்பாவின் மிக உயர்ந்த கிளப் போட்டியான யூரோலீக்கை நான்கு முறை வென்றார்: 2012, 2013இல் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸுடன், 2016, 2019இல் சிஎஸ்கேஏ மாஸ்கோவுடன். யூரோலீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கியிருக்கிறார். 2024இல் இத்தாலியின் ஒலிம்பியா மிலானோ அணியோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

வெளிநாட்டில் ஆடிய அமெரிக்கர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவரை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?

வெளிநாடு போனவர்களில் புகழ்பெற்றவர்கள் பெரும்பாலும் புள்ளி குவிப்பவர்கள். பந்து அவர்கள் கையிலேயே இருக்கும், ஆட்டமும் அவர்களைச் சுற்றியே ஓடும். ஹைன்ஸ் அந்த ரகம் இல்லை. மறுநாள் காலை ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் ஏழு புள்ளி, ஐந்து ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) என்பதுபோல ஏதோ இருக்கும். ஆனால் அவரை வைத்திருந்த அணிகள் வருடா வருடம் இறுதிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2012 முதல் 2019 வரை, இடைவெளியே இல்லாமல் எட்டு ஆண்டுகள், யூரோலீக்கின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றில் அவர் இருந்தார். இது தற்செயலாக நடக்கக்கூடியது இல்லை. எண்ணிக்கையில் சிக்காத ஆட்டத்துக்கு ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பதை இவரை வைத்துப் புரிந்துகொள்வதுபோல வேறு யாரை வைத்தும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

கல்லூரியில் அவர் எப்படி ஆடினார்?

பிரமாதமாக. கிரீன்ஸ்பரோ பெரிய பெயருள்ள அணி இல்லை. சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற நடுத்தரப் பிரிவில் ஆடும் அணி. டியூக், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் அணி போன்ற ஜாம்பவான்கள் உள்ள அதே மாநிலத்தில் அவற்றின் நிழலில் இருப்பது. ஹைன்ஸ் இருந்த நான்கு ஆண்டுகளிலும் அந்த அணி மார்ச் மாதம் நடக்கும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. அந்தப் போட்டிக்குப் போகாத வீரரைத் தொலைக்காட்சியும் கண்டுகொள்ளாது, நாடும் கண்டுகொள்ளாது.

இருந்தும் 2007இல் அந்தப் பிரிவின் சிறந்த வீரராகத் தேர்வானார். அடுத்த ஆண்டு அதே விருதை வாங்கியவர் டேவிட்சன் கல்லூரியின் ஸ்டெஃபன் கரி. ஒரே பிரிவில், ஒரே காலத்தில், எதிரெதிரே ஆடியவர்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை நான் எல்லோரிடமும் சொல்வேன். கல்லூரி வாழ்க்கையில் 2,000 புள்ளி, 1,000 ரீபவுண்ட், 300 பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவது) மூன்றையும் தாண்டியவர்கள் ஹைன்ஸுக்கு முன் ஐந்தே பேர்: டேவிட் ராபின்சன், பெர்விஸ் எலிசன், டெரிக் கோல்மன், அலோன்சோ மோர்னிங், டிம் டங்கன். இந்த ஐவரில் நால்வர், என்பிஏ அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அவரவர் ஆண்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர்கள், மோர்னிங் மட்டும் இரண்டாவது. ஆறாவதாக அந்த வரிசையில் நின்றவர் ஹைன்ஸ். 2008 டிராஃப்டில் அறுபது பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் அதில் இல்லை.

இவ்வளவு இருந்தும் என்பிஏ ஏன் எடுக்கவில்லை?

உயரம். மேலே சொன்ன ஐவரும் ஆறடி ஒன்பது அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவர்கள். ஹைன்ஸின் பதிவான உயரம் ஆறடி ஆறு அங்குலம், அதாவது 1.98 மீட்டர். தெருவில் அது ராட்சச உயரம். ஆனால் அவர் ஆடிய, கூடைக்கு அருகே நிற்கும் சென்டர் இடத்தில் அன்றைய என்பிஏவில் ஏழடிக்காரர்கள் நின்றார்கள். அந்த உயரத்தில் இருப்பவர் வெளியிலிருந்து மூன்று புள்ளி எறிய வேண்டும், பந்தைத் தட்டி ஓட வேண்டும் என்று அணிகள் எதிர்பார்த்தன. ஹைன்ஸ் கூடைக்கு அடியில் வளர்ந்த ஆட்டக்காரர். ‘இவரை எந்த இடத்தில் நிறுத்துவது?’ என்ற கேள்விக்கு அணிகளிடம் விடை இல்லை.

காலமும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. குள்ளமான, அகன்ற உடம்புள்ள, எல்லோரையும் தடுக்கத் தெரிந்த சென்டர் என்ற யோசனையை என்பிஏ உணர்ந்தது பின்னால்தான். கோல்டன் ஸ்டேட் அணி டிரேமண்ட் கிரீனை நடுவில் நிறுத்தி 2015இல் கோப்பை வென்ற பிறகு எல்லா அணிகளும் அப்படி ஒருவரைத் தேட ஆரம்பித்தன. கிரீனின் பதிவான உயரமும் ஏறக்குறைய ஹைன்ஸின் உயரம்தான்.

இடமும் குறைவு என்பதை மறக்கக் கூடாது. என்பிஏவில் முப்பது அணிகள், அணிக்குப் பதினைந்து பேர், மொத்தம் 450 இடம். கல்லூரியின் முதல் பிரிவில் மட்டும் ஆண்கள் அணிகள் 350ஐத் தாண்டும். பெரும்பகுதி வீரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவே போவதில்லை.

டிராஃப்டில் பெயர் வராதவர் அடுத்து என்ன செய்வார்?

ஏஜென்ட் பிடிப்பார். வெளிநாட்டுச் சந்தையில் ஏஜென்ட் இல்லாமல் நகர முடியாது. அவர் ஆட்டக் காட்சிகளைத் தொகுத்து கிளப்புகளுக்கு அனுப்புவார். கோடை முழுவதும் தொலைபேசிக்குக் காத்திருக்கும் நாட்கள். எந்த நாடு, எந்த ஊர், எந்தப் பிரிவு என்பதை வீரர் தேர்ந்தெடுப்பது அரிது. முதல் ஆண்டில் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹைன்ஸுக்குக் கிடைத்தது வெரோலி. ரோமுக்குத் தென்கிழக்கே மலைமேல் இருக்கும் சிற்றூர். அதன் அணி ஆடியது இத்தாலியின் இரண்டாம் பிரிவில். கல்லூரியில் டங்கனோடு ஒரே பட்டியலில் நின்றவர், பெரும்பாலான அமெரிக்கர்கள் பெயரே கேட்டிராத ஊரின் இரண்டாம் பிரிவு அணியில். பலர் இந்த இடத்தில்தான் உடைந்துபோவார்கள். ஒரு சீசனோடு ஊர் திரும்பி வேறு வேலை தேடியவர்கள் ஏராளம். ஹைன்ஸ் அங்கே 2008 முதல் 2010 வரை இரண்டு ஆண்டு இருந்து, அந்தப் பிரிவின் கோப்பையை இரண்டு முறை வென்று கொடுத்தார்.

இரண்டாம் பிரிவைக் கேவலமாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அமெரிக்க வீரருக்கு ஆடும் நேரம் நிச்சயம். பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஐரோப்பிய ஆட்டத்தின் நடை, நடுவர்களின் போக்கு, பயிற்சியாளர்களின் கெடுபிடி எல்லாம் பழகுவது அங்கேதான்.

வெளிநாட்டு ஒப்பந்தத்தில் சம்பளம் தவிர என்ன இருக்கும்?

பொதுவாக வீடு, கார், வருடத்துக்குச் சில விமான டிக்கெட், மருத்துவச் செலவு. பல நாடுகளில் வரியைக் கிளப்பே கட்டிவிடும், அதனால் சம்பளம் பேசும்போது கையில் வரும் தொகையைத்தான் பேசுவார்கள். ஏஜென்ட் கமிஷனையும் பெரும்பாலும் கிளப்பே தரும். வெற்றிக்கு, கோப்பைக்குத் தனி போனஸ். ஒப்பந்தம் சீசன் நடக்கும் மாதங்களுக்குத்தான், கோடைக்குச் சம்பளம் கிடையாது.

சம்பள இடைவெளி மலைக்கும் மடுவுக்கும். சின்ன லீக்கில் மாதம் சில ஆயிரம் டாலரில் ஆடுபவரும் உண்டு, யூரோலீக்கின் உச்சியில் ஆண்டுக்குப் பல லட்சம் யூரோ வாங்குபவரும் உண்டு.

சம்பளம் வராமல் போவதும் உண்டாமே?

உண்டு. ஸ்பான்சர் விலகிவிட்டார், நகராட்சி நிதி நின்றுவிட்டது என்று கிளப்புகள் சம்பளத்தைத் தள்ளிப்போட்ட கதைகள் ஏராளம். ஒரு காலத்தில் வேற்று நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அலைவதைத் தவிர வேறு வழி இல்லை. 2007இல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா இதற்கென ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது, ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டது. ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தை ஏற்பதாக ஒரு வரி இருந்தால் போதும், வீரர் அங்கே முறையிடலாம். தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவுசெய்ய முடியாதபடி ஃபிபா தடை போடும். அந்தத் தடைதான் கிளப்புகளை வழிக்குக் கொண்டுவருகிறது. வெளிநாடு போகிற எந்த இளம் வீரரும் கையெழுத்துப் போடுமுன் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

வெரோலிக்குப் பிறகு?

2010இல் ஜெர்மனியின் பாம்பெர்க். பவேரியாவின் வடக்கே இருக்கும் பழைய நகரம், ஊரே கூடைப்பந்துப் பைத்தியம். அந்த ஆண்டு அணி ஜெர்மன் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. லீக் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் ஹைன்ஸ். யூரோலீக்கில் முதன்முதலாக ஆடியதும் அந்த அணிக்காகத்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. ஹைன்ஸ் போன பிறகு அடுத்த சீசனில் பாம்பெர்க்குக்கு வந்தவர் பி.ஜே. டக்கர். டெக்சாஸ் பல்கலைக்கழக வீரர். இவரும் ஆறடி ஐந்தங்குலத்தில் உள்ளே நின்று மல்லுக்கட்டுகிறவர். 2006 டிராஃப்டில் 35ஆவதாக என்பிஏவின் டொராண்டோ அணி எடுத்தது, ஒரே சீசனில் கைவிட்டது. இஸ்ரேல், உக்ரைன், கிரேக்கம், இத்தாலி, புவெர்ட்டோ ரிக்கோ என்று சுற்றிவிட்டு பாம்பெர்க் வந்தார். அவரும் அங்கே லீக் வென்றார், அவரும் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் ஆனார். அதே கோடையில் ஃபீனிக்ஸ் அணி அழைக்க, என்பிஏ திரும்பி, 2021இல் மில்வாக்கியோடு பட்டமும் வென்றார். ஒரே ஊர், ஒரே மாதிரி உடல்வாகு, அடுத்தடுத்த ஆண்டுகள். ஒருவர் அமெரிக்கா திரும்பினார், மற்றவர் ஐரோப்பாவிலேயே வேர்விட்டார். இரண்டையும் நான் வெற்றி என்றே சொல்வேன்.

ஒலிம்பியாகோஸில் என்ன நடந்தது?

ஐரோப்பியக் கூடைப்பந்து ரசிகர்கள் இன்றும் பேசிப் பேசித் தீராத கதை இது. 2011 கோடையில் கிரேக்கம் கடன் நெருக்கடியில் தத்தளித்தது. பிரேயஸ் துறைமுகத்தின் கிளப்பான ஒலிம்பியாகோஸ் செலவை வெட்டியது. மிலோஷ் தியோடோசிச் சிஎஸ்கேஏ மாஸ்கோவுக்குப் போனார், இன்னும் சில பெரிய வீரர்களும் வெளியேறினார்கள். மிஞ்சியவர் வாசிலிஸ் ஸ்பனூலிஸ். அவரைச் சுற்றி இளம் கிரேக்க வீரர்களும் விலை குறைந்த அயல்நாட்டவர்களும். ஹைன்ஸ் அந்த இரண்டாம் வகை. மூத்த பயிற்சியாளர் துஷான் இவ்கோவிச் இவர்களை வைத்து அணி கட்டினார்.

2012 மே மாதம் இஸ்தான்புல்லில் இறுதி ஆட்டம். எதிரே சிஎஸ்கேஏ. தியோடோசிச் அங்கே, அந்த ஆண்டின் யூரோலீக் சிறந்த வீரரான ஆந்திரே கிரிலென்கோ அங்கே, ஏழடி நெனாட் கிர்ஸ்டிச் அங்கே. மூன்றாம் பகுதியில் சிஎஸ்கேஏ 53–34 என்று 19 புள்ளி முன்னால் போய்விட்டது. அரங்கில் இருந்த ரஷ்யர்கள் கொண்டாட ஆரம்பித்திருப்பார்கள். அங்கிருந்து ஒலிம்பியாகோஸ் கூடைக்கு வரும் வழியை அடைத்தது. சிஎஸ்கேஏ அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை எடுத்தது எட்டே புள்ளி.

கடைசிப் பத்து வினாடி. சிஎஸ்கேஏ 61–60. யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவுக்காகக் கோட்டில் நின்றவர் சிஎஸ்கேஏவின் ராமுனாஸ் ஷிஷ்கௌஸ்காஸ், அனுபவசாலி, நல்ல எறிகாரர். இரண்டையும் தவறவிட்டார். ஸ்பனூலிஸ் பந்தோடு ஓடினார், இருவர் அவர்மேல் பாய, பக்கத்தில் நின்ற யோர்கோஸ் பிரிண்டெசிஸிடம் தள்ளினார். அவர் மிதக்கவிட்ட பந்து உள்ளே விழுந்தபோது கடிகாரத்தில் ஒரு வினாடிகூட இல்லை. 62–61.

மறு ஆண்டு லண்டனில் அதே அணி, புதிய பயிற்சியாளர் யோர்கோஸ் பார்ட்சோகாஸ். இறுதியில் ரியல் மாட்ரிட் முதல் பகுதியில் 27–10 என்று முன்னால் போனது. முடிவில் ஒலிம்பியாகோஸ் 100–88. தொடர்ந்து இரண்டு பட்டம். இந்த இரண்டு கோப்பைகளையும் ஸ்பனூலிஸின் கோப்பைகள் என்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் இத்தனை பெரிய பின்னடைவிலிருந்து எழ வேண்டுமென்றால் முதலில் எதிரணியை நிறுத்த வேண்டும். அந்த வேலையில் ஹைன்ஸின் பங்கு பெரிது.

ஆறடி ஆறங்குலத்தில் ஏழடிக்காரர்களை எப்படிச் சமாளித்தார்?

ஐரோப்பிய ஆட்டத்தில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்றுதான். எதிரணியின் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து தாக்குதலை நடத்துகிறவர், பந்தைத் தட்டிக்கொண்டு கூடைக்கு எதிரே தள்ளி நிற்பார். அவர்களுடைய சென்டர் ஓடிவந்து, கார்டை மறிக்கிறவருக்கு உடம்பால் தடுப்புப் போடுவார். மறிக்கிறவர் அந்தத் தடுப்பில் மோதிப் பின்தங்கும் அரை வினாடியில் கார்டு கூடையை நோக்கிப் பாய்வார். பிக் அண்ட் ரோல் என்பது இதுதான். அந்த நொடியில் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டியவர் தடுத்தாடும் அணியின் சென்டர். ஏழடிக்காரர் பின்வாங்கிக் கூடைக்கு அடியில் நிற்பார், ஏனென்றால் வெளியே வந்தால் கார்டு அவரைச் சுற்றிப் போய்விடுவார். பின்வாங்கினால் கார்டு நிதானமாக நின்று எறிவார். எப்படிப் போனாலும் இடி.

ஹைன்ஸ் பின்வாங்க மாட்டார். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு கைகளையும் அகல விரித்து கார்டின் முன்னால் வந்து நின்றுவிடுவார். கைகளும் உயரத்துக்கு மிஞ்சிய நீளம். கார்டு இடம் போனால் இவர் பக்கவாட்டில் இரண்டு எட்டு, வலம் போனால் இரண்டு எட்டு, மார்பு எப்போதும் பந்துக்கு நேராக. 24 வினாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கார்டு பந்தைப் பிடித்துவிட்டு யாரிடமாவது கொடுக்கத் தேடுவார். அங்கேயே அந்தத் தாக்குதல் செத்துவிடும். அதற்குள் ஹைன்ஸ் திரும்பி ஓடி, உள்ளே நிற்கும் ஏழடிக்காரரின் இடுப்புக்குக் கீழே தோளை வைத்து முட்டிக்கொண்டிருப்பார். உயரமானவருக்குக் கால் பிடிமானம் போனால் உயரத்தால் பயனில்லை. ரீபவுண்டுக்கும் அதே தந்திரம்தான்: பந்து கீழே வருவதற்கு முன்பே இடத்தைப் பிடித்துவிடுவது.

விதிகளும் கைகொடுத்தன. என்பிஏவில் தடுப்பவர் யாரையும் மிக நெருங்கிக் காக்காமல் கூடைக்கு முன்னுள்ள பகுதியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபா ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை, அதனால் உதவி எப்போதும் அருகில் இருக்கும். உயரக் குறைவை ஐந்து பேரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆட்டம் நாற்பது நிமிடம்தான், என்பிஏவில் நாற்பத்தெட்டு.

ஒரு அணியில் எத்தனை அயல்நாட்டவர் ஆடலாம்?

நாட்டுக்கு நாடு மாறும். உள்நாட்டு லீக்குகளில் வரம்பு உண்டு, யூரோலீக்கில் இல்லை. அதனால் பெரிய கிளப்பில் இருக்கும் அமெரிக்கர் வார நடுவில் யூரோலீக் ஆடிவிட்டு, வார இறுதி லீக் ஆட்டத்தில் சாதாரண உடையில் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பக்னெல் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜே.ஆர். ஹோல்டன் ரஷ்யக் குடியுரிமை பெற்று, 2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக ரஷ்யாவை வெல்லவைத்த கூடையைப் போட்டவர்.

மாஸ்கோவில் ஏழு ஆண்டுகள் எப்படி இருந்தன?

2013இல் பயிற்சியாளர் எட்டோரே மெசினா சிஎஸ்கேஏவுக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு மெசினா போய், திமித்ரிஸ் இட்டூடிஸ் பயிற்சியாளராக வந்தார். ஐரோப்பாவிலேயே பணக்கார அணிகளில் ஒன்று. கோப்பை தவிர எதைக் கொண்டுவந்தாலும் தோல்வி என்றே எண்ணும் இடம்.

தோல்விகள் வலிக்க வலிக்க வந்தன. 2014 அரையிறுதியில் மக்காபி டெல் அவிவிடம் 68–67. 2015 அரையிறுதியில் ஒலிம்பியாகோஸிடம் 70–68. 2017இல் மறுபடியும் ஒலிம்பியாகோஸ், 82–78. தான் வளர்ந்த கிளப்பே, தன்னோடு ஆடிய ஸ்பனூலிஸே தன்னை இரண்டு முறை வெளியே அனுப்பியது. இடையில் 2016இல் பெர்லினில் ஃபெனர்பாஹ்செயைக் கூடுதல் நேரத்தில் 101–96 என்று வீழ்த்திக் கோப்பை. 2019இல் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸுக்கு எதிராக 91–83, நான்காவது பட்டம். 2016, 2018 இரண்டிலும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது.

இவ்வளவு ஆன பிறகாவது என்பிஏ போயிருக்கலாமே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: போனால் என்னவாகப் போயிருப்பார்? முப்பதை நெருங்கும் புதுமுகத்துக்கு என்பிஏ கொடுப்பது பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளமும் பெஞ்சின் கடைசி நாற்காலியும். ஐரோப்பாவின் உச்சியில் இருப்பவருக்கு வரி போக வரும் பணம் அதற்குக் குறைவில்லை. கூடவே ஒவ்வொரு ஆட்டத்திலும் முக்கியமான நிமிடங்கள், பட்டத்துக்கான போட்டி. நடப்பு ஒப்பந்தத்திலிருந்து வெளியேற கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டும், அதில் என்பிஏ அணி தரக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு.

பிராட்லி பல்கலைக்கழகத்தின் ஆண்டனி பார்க்கர் மக்காபியில் 2004, 2005 என இரண்டு யூரோலீக் வென்றுவிட்டு 2006இல் டொராண்டோவுக்குப் போய் நன்றாகவே ஆடினார். அவர் வெளியிலிருந்து எறியத் தெரிந்தவர், அவருக்கு அங்கே தயாராக ஒரு இடம் இருந்தது. ஹைன்ஸின் ஆட்டத்துக்கு மதிப்புத் தெரிந்த இடம் ஐரோப்பா. அவர் அங்கே இருந்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெண்களுக்கும் இதே பாதைதானா?

பாதை ஒன்று, காரணம் வேறு. பெண்களில் டிராஃப்டில் முதலாவதாக வந்தவர்களே வெளிநாடு போனார்கள். அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவின் சீசன் குளிர்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும், சம்பளமும் குறைவாக இருந்தது. குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி, சீனா போய் ஆடினால் பல மடங்கு கிடைத்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டயானா டௌராசிக்கு ஓய்வு கொடுப்பதற்காக அவருடைய ரஷ்யக் கிளப்பான எகடெரின்பர்க் பணம் கொடுத்து, 2015 டபிள்யூஎன்பிஏ சீசனை அவர் ஆடாமல் விட்டார். ஒரு நாட்டின் தலைசிறந்த வீராங்கனை சொந்த நாட்டு லீக்கை விட்டுவிட வேண்டியிருந்தது என்றால் அந்தச் சம்பள ஏற்பாடு எவ்வளவு கோணலானது! அதே கிளப்பில் ஆடிய பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி அந்த டிசம்பரில்தான் விடுதலையானார். அதன் பின் ரஷ்யாவுக்குப் போகும் அமெரிக்க வீராங்கனைகளின் பாதை ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

ஹைன்ஸுக்கு முன்பே இப்படிப் போனவர்கள் உண்டா?

1960களிலேயே. பிரின்ஸ்டனின் பில் பிராட்லி ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டே மிலான் அணிக்கு ஆடி 1966இல் ஐரோப்பியக் கோப்பை வென்றார், பின்னாளில் அமெரிக்க செனட்டர் ஆனார். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கிளிஃபர்ட் லுய்க் ரியல் மாட்ரிடில் சேர்ந்து ஸ்பெயின் குடிமகனாகி அந்த நாட்டு அணிக்கே ஆடினார்.

மிலானில் கடைசிக் காலம்?

2020இல் மறுபடியும் மெசினா அழைத்தார், இந்த முறை மிலானுக்கு. 1992க்குப் பிறகு யூரோலீக்கின் கடைசி நான்கைப் பார்த்திராத கிளப் அது. ஹைன்ஸ் வந்த முதல் சீசனிலேயே போய்ச் சேர்ந்தது. 2021இல் கொலோனில் நடந்த அரையிறுதியில் பார்சிலோனாவிடம் 84–82 என்று தோற்றது. கடைசி நொடியில் கூடை போட்டவர் கோரி ஹிக்கின்ஸ், சிஎஸ்கேஏவில் ஹைன்ஸோடு இரண்டு கோப்பை வென்ற தோழர்.

2022இல் மூன்றாவது முறையாகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வந்தபோது ஹைன்ஸுக்கு வயது 35. வேகம் குறையும் வயதில் அந்த விருதை வாங்குகிறார் என்றால், கால் போய்ச் சேர்வதற்கு முன்பே கண் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று அர்த்தம். எதிரணி என்ன செய்யப்போகிறது என்பதை அவர்களுக்கு முன்பே படித்துவிடுவார். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் இத்தாலிய லீக் பட்டம், மூன்றிலும் இறுதியில் எதிரணி விர்துஸ் போலோன்யா. மூன்றாவதோடு ஓய்வு.

இவர் ஆட்டத்தைப் பார்க்க எங்கே தொடங்குவது?

2012 இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடம். முதல் தடவை பந்தோடு சேர்ந்து பாருங்கள், ஸ்பனூலிஸும் பிரிண்டெசிஸும்தான் கண்ணில் படுவார்கள். இரண்டாம் தடவை, சிஎஸ்கேஏ கையில் பந்து இருக்கும்போதெல்லாம் ஹைன்ஸின் கால்களை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகு 2016 பெர்லின் இறுதி. அதில் சிஎஸ்கேஏ பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்டு, நேரம் முடியும் தறுவாயில் விக்டர் க்ரியாபா போட்ட கூடையால் 83–83 என்று தப்பித்துக் கூடுதல் நேரத்துக்குப் போகும். உள்ளே நின்று ஆடக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் யாராவது உங்கள் அணியில் இருந்தால், குறிப்பாக ‘உனக்கு உயரம் போதாது’ என்று பயிற்சியாளர் சொல்லிவிட்ட பிள்ளை இருந்தால், இந்த இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள்.